கழுவிக் கவிழ்த்த கிண்ணம்

பூனையின் எடை குறைந்ததற்காக அந்த வியாழக்கிழமை அவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுக்காத குறைதான். அவளுக்கு வேலை ஒரு பார்சல் நிலையத்தின் முன்மேஜையில். வருகிற பெட்டியைத் தூக்கித் தராசில் வைக்க வேண்டும், எடையைச் சொல்ல வேண்டும், சீட்டு ஒட்டிப் பின்னால் தள்ளிவிட வேண்டும். மேஜையை விட்டுப் போய்விட்டதா, போய்ச் சேர்ந்த மாதிரிதான். அதற்கு மேல் அவள் யோசிப்பதில்லை. கையில் தூக்கிய மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவாள் என்பதால் கூட வேலை செய்பவர்கள் அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். காதுபடவே கூப்பிடுவார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஊரார் பெட்டியை எல்லாம் எடை போட்ட தராசுக்குத் தன் வீட்டுப் பூனை பெருத்தது மட்டும் கண்ணில் படவில்லை. குட்டியாக வந்தபோது அதற்கு ஏதோ நாகரிகமான பெயர் வைத்தார்கள். அது என்னவென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. மூட்டை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் ஜன்னல் விளிம்புக்குத் தாவப் போய், முன்னங்கால் மேலேயும் மீதி உடம்பு கீழேயுமாகத் தொங்கிக்கொண்டு வீடே அதிரக் கத்தியது. அன்றைக்குத்தான் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

மருத்துவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண்மணி. இந்த எடைக்கு இது இன்னும் நடமாடுவதே அதிசயம் என்றார். தீனியை அளந்து வைக்கச் சொன்னார், ஓடியாட வைக்கச் சொன்னார். கிளம்பும்போது கூப்பிட்டு நிறுத்தி இன்னொன்றும் சொன்னார்.

"மெதுவா குறைங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. குண்டுப் பூனை ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரல்ல போய் அடைச்சுக்கும். அப்புறம் காப்பாத்தறது கஷ்டம்."

அவள் தலையை ஆட்டினாள். மனசெல்லாம் எவ்வளவு எடை குறைய வேண்டும் என்பதிலேயே இருந்தது.

ஓடியாட வைக்கிற பொறுப்பைக் கணவன் ஏற்றுக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பி, சுருள், கப்பி என்று கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். ஒரு கம்பி நுனியில் இறகைக் கட்டி, கூடத்துக்கும் சமையலறைக்குமாக இழுத்துக்கொண்டு ஓடுவான். மூட்டை தரையில் பரப்பிப் படுத்தபடி, பாவம் இவனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கும். வாலை மட்டும் ஒருதரம் அசைக்கும். ஒரு மாதத்தில் இளைத்தது அவன்தான்.

அளந்து வைக்கிற பொறுப்பு அவளுடையது. கிராம் கணக்கில் அளந்து வைத்தாள். அப்படியும் எடை இம்மியும் குறையவில்லை. அவளுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒருநாள் தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்தவள், சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் மூட்டை சட்டமாக உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு வாய் சாப்பிடுவார், அடுத்த வாயை அதற்கு நீட்டுவார். அது வாங்கித் தின்றுவிட்டு, அவர் அடுத்த வாயை விழுங்கும் வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

மாமனார் வாழ்நாள் முழுக்க ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவர். எச்சில் தட்டு எடுக்கிறவராகச் சேர்ந்து, பரிமாறுகிறவராக ஓய்வு பெற்றார். ஆள் எழுந்து நாற்காலிச் சூடு ஆறுவதற்குள் மேஜை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டிலும் அப்படியேதான். காபி குடித்த டம்ளரை யாராவது கீழே வைத்துவிட்டுத் திரும்பினால், அது கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுகிற பழக்கமும் போகவில்லை. மருமகள் காலையிலேயே செய்து வைத்துவிட்டுப் போகிற மதியச் சாப்பாட்டையும் ராத்திரிச் சாப்பாட்டையும் மகனும் மருமகளும் வருவதற்குள் தனியாக முடித்துக்கொள்வார். தனியாக என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் பொரிந்து தள்ளிவிட்டாள். மாதக் கணக்கில் தன் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார் என்ற ஆத்திரம் அவளுக்கு.

"பாசம்னு நினைச்சு நீங்க குடுக்கறது அதுக்கு விஷம் மாமா. உங்க கையாலேயே அதைக் கொன்னுடாதீங்க."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அன்றே சட்டம் மாறியது. பழைய தீனி மொத்தமாகக் குப்பைக்குப் போய், எடை குறைக்கிற புதுத் தீனி வந்தது. மாமனார் சாப்பிடும் நேரத்தில் மூட்டை பின்னறையில் அடைக்கப்படும். அதன் கிண்ணமும் அங்கேதான். யாரும் ஒரு துணுக்கும் போடக் கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றார். பேச்சு மாறாமல் நடந்தும் காட்டினார்.

அதற்குப் பிறகு பலன் மளமளவென்று தெரிந்தது. காலையில் வைத்த கிண்ணம் அவள் வேலை முடிந்து வரும்போது கழுவிக் கவிழ்த்திருக்கும். ராத்திரி வைத்தது அவள் சமைத்து முடிப்பதற்குள் கழுவிக் கவிழ்த்திருக்கும். பூனை வெளிக்குப் போகிற மண் தட்டைக்கூட மாமனாரே சுத்தம் செய்துவிடுவார். வாரா வாரம் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் ஏறுவாள், வாரா வாரம் முள் இறங்கும். வீட்டில் சத்தம்தான் சற்றுக் குறைந்துபோயிருந்தது. மாமனார் முன்போல் பழைய கடைக் கதைகள் சொல்வதில்லை. ஒருநாள் மேஜையில் பெல்ட்டை வைத்து ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமை முள் ஒரேயடியாக இறங்கியது. அவள் தலைகால் புரியாமல் அலுவலகம் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தீனியை அளந்தாள். பொட்டலத்திலிருந்து கிழித்த ஓரத்தைப் போடக் குப்பைக்கூடையைத் திறந்தபோது, உள்ளே செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்று பிரிந்து கிடந்தது. மதியத்துக்கென்று காலையில் மாமனாருக்கு வைத்துவிட்டுப் போன ரொட்டியும் முட்டையும். இவ்வளவு மிச்சமாகிறதே, இனிமேல் குறைத்துச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூடினாள்.

பின்னறையில் கிண்ணத்தை வைத்து மூட்டையைக் கூப்பிட்டாள். வரவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அலமாரிக்கு மேலே பார்த்தாள். அது ஏற முடியாத இடத்தில் எல்லாம் பார்த்தாள். கடைசியில் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் வால் நுனி தெரிந்தது. போன மாதம் அந்த இடுக்கில் அதன் தலைகூட நுழைந்திருக்காது.

தொட்டாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயோரத்தில் எச்சில் நூலாக வழிந்திருந்தது. தூக்கினாள். எதிர்ப்பும் இல்லை, முனகலும் இல்லை. ஈரத் துணியைத் தூக்கிய மாதிரி கையில் தொங்கியது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய காதின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. இமையை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் மஞ்சள்.

கணவனுக்குப் போன் அடித்தாள். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "மாமா" என்று அவள் கூப்பிட்ட குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. அவர் ஓடிவந்தார். பூனையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தன் போர்வையை எடுத்துவந்து அதைச் சுற்றினார்.

வாடகைக் காரில் போகும்போது அவள் பூனையின் விலாவிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மூச்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதிலேயே உயிரை வைத்திருந்தாள். என்ன செய்தேன், என்ன தப்பு செய்தேன் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அளவு தவறவில்லை. வேளை தவறவில்லை. கிண்ணம் காலியாகாத நாளில்லை. பக்கத்தில் மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர் பூனையை மேஜையில் கிடத்தி அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், உள்ளே போனார். காத்திருந்த நேரத்தில் சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தை அவள் எத்தனை தரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பி வந்த மருத்துவர் நேராக அவளிடம்தான் கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டுது?"

"காலையில. வச்சது பூராவும்."

"நிச்சயமா தெரியுமா?"

"கிண்ணம் காலி டாக்டர். தினமும் காலியாத்தான் இருக்கும்."

"இது நாலஞ்சு நாளா ஒண்ணும் சாப்பிடலை. அதுக்கு முன்னாலயும் அரைகுறைதான். ரத்தம் சொல்லுது."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எந்திரம் தப்பாகக் காட்டும், தான் அளந்து வைத்தது தப்பாகாது என்று வாதாடினாள். குரல் உயர்ந்துகொண்டே போனது. அப்போது கதவோரத்தில் நின்றிருந்த மாமனார் பேசினார்.

"சாப்பிடலம்மா."

இருவரும் திரும்பினார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மொதல்ல பாதி மிச்சம் வச்சுது. அப்புறம் மோந்து பாத்துட்டுப் போயிடும். திங்கக்கிழமைலேர்ந்து கிண்ணத்துப் பக்கமே வரல. நான்தான் தாள்ல மடிச்சுப் போட்டுட்டு, கழுவிக் கவுத்துட்டேன். மிச்சம் வச்ச தட்டு அப்படியே கிடந்தா எனக்கு ஆகாதும்மா, உனக்குத் தெரியுமே."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"எடை குறையணும்னுதானே சொன்னே. அது சாப்பிடாம இருக்கறதைப் பாத்துட்டு, பரவால்லையே, சொன்ன பேச்சு கேக்குதேன்னு நினைச்சேன். நேத்துதான் என்னவோ மாதிரி இருந்துச்சு. சொல்லலாம்னு வந்தேன். நீ எடை இறங்கிடுச்சுன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தே. பயமா இருந்துச்சும்மா."

எதற்குப் பயம் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. விஷம், கொலை என்றெல்லாம் தான் கொட்டிய வார்த்தைகள் அவர் முகத்தில் அப்படியே இருந்தன. ஒரு வாய்க்காக நீட்டிய கையை அவர் அன்றைக்கு இழுத்துக்கொண்டதும் கண்முன் வந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் தன்னைக் கண்டு நடுங்குகிறார் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

மருத்துவர் பூசி மெழுகவில்லை. நரம்பு வழியாக மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ராத்திரி இங்கேயே இருக்கட்டும், காலையில் தானாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பிழைக்க வழி உண்டு என்றார். இல்லையென்றால் வயிற்றுக்குத் தீனி போகக் கழுத்தில் குழாய் போட வேண்டும். அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதை இந்த ஈரல் தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அந்த ராத்திரி அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கணவன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போன் அடித்தால் ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்று பயந்தாள். அடிக்காமல் இருந்தாலும் பயந்தாள்.

காலையில் மாமனார் குளித்துவிட்டு, வேலைக்குப் போன நாட்களில் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கழுத்துப் பட்டை கழுத்தை விட்டு விலகி நின்றது. சட்டை நைந்து தளர்ந்துவிட்டது போல என்று அவள் நினைத்தாள். அவர் சாப்பிட்டாரா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனாள். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. மூன்று பேருமாகக் கிளம்பினார்கள்.

மூட்டை கூண்டுக்குள் காலில் கட்டோடு படுத்திருந்தது. விடிகாலையில் ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் கொஞ்சம் ஊட்டினார்களாம். அப்படியே வாந்தி எடுத்துவிட்டதாம். மருத்துவர் அதைத் தரை விரிப்பில் கிடத்தி, கூழ் மாதிரியான தீனியைச் சூடுபடுத்திக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். மீன் வாசனை அறை முழுக்கப் பரவியது. அவள் கிண்ணத்தை மூக்கருகே நகர்த்தினாள். பூனை மூக்கைத் திருப்பிக்கொண்டது. கணவன் விரலில் தொட்டு நீட்டினான். அது கண்ணை மூடிக்கொண்டது.

மாமனார் மெல்லத் தரையில் உட்கார்ந்து "மூட்டை" என்று கூப்பிட்டார். அவர் குரலைக் கேட்டதும் மூட்டையின் காது திரும்பியது. அவரும் விரலில் எடுத்து நீட்டினார். பூனை அவர் விரலைப் பார்த்தது, பிறகு அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. சற்று நேரத்தில் தலையை விரிப்பில் சாய்த்துவிட்டது.

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழாய்க்கு எல்லாம் எடுத்துவைக்கச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டார். அவளால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. தான் எதைச் சொன்னாலும் அது செத்துப்போகும் என்று பயந்தாள்.

மாமனார் அவள் புடவை நுனியை லேசாகத் தொட்டார்.

"அது மொதல்ல நான் சாப்பிடறதைப் பாக்கும்மா. அப்புறம்தான் வாங்கும்." எச்சிலை விழுங்கிக்கொண்டார். "அது முன்னால நான் ஒரு வாய் சாப்பிடலாமா?"

அனுமதி கேட்டார். தன் வீட்டு மருமகளிடம், ஒரு வாய் சாப்பிட. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கணவன் எதிர்க் கடைக்கு ஓடி ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றி வாங்கிவந்தான்.

அவர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். மூட்டையின் தலை எழுந்தது. அவர் விழுங்கினார். அதன் கண்கள் அவர் தொண்டை அசைவதைப் பார்த்தன. அவர் கூழில் விரலைத் தொட்டு நீட்டினார். பூனை முகர்ந்தது. பிறகு ஒரு நாக்கு வெளியே வந்து விரலை ஒரு தரம் நக்கியது.

மருத்துவர் கையைக் காட்டி அப்படியே தொடரச் சொன்னார். மாமனார் இன்னொரு துண்டைப் பிய்த்தார். இந்தத் தரம் துண்டு பெரிதாக இருந்தது. அவசர அவசரமாக மென்றார், மென்று முடிப்பதற்குள் கை அடுத்ததைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பூனைக்குக் காட்டுவதற்காகச் சாப்பிடுகிறவர் அப்படிச் சாப்பிட மாட்டார். அவள் பார்த்தாள். தாடை எலும்பு தோலுக்குள் ஏறி இறங்கியது. கழுத்துப் பட்டைக்குள் கழுத்து தனியாக நின்றது. இடுப்பில் புது ஓட்டை போட்ட பெல்ட், அதன் நுனி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

குப்பைக்கூடையில் பார்த்த ரொட்டியும் முட்டையும் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

"மாமா, வீட்ல நீங்க சாப்பிடறீங்களா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டைக் கழுவிடறேனே என்பது போல ஏதோ சொல்ல வந்தவர், மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அது பின்னறைல கதவைப் பிராண்டிக்கிட்டே இருக்கும். சமையல்கட்டுல எனக்கு வாயில வச்சா இறங்காதும்மா. அப்புறம் அது பிராண்டறதையும் விட்டுடுச்சு."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாரம் தவறாமல் பூனையை எடை போட்டவள் அவள். தூக்கிய மாத்திரத்தில் எடை சொல்கிறவள் அவள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு மனுஷர் கரைந்துகொண்டிருந்தார், அவர் தட்டும் காலியாகத்தான் இருந்தது.

மருத்துவர் குனிந்து பார்த்து, இரண்டு மூன்று வாய் உள்ளே போயிருக்கிறது, போதும், வயிறு ஏற்றுக்கொள்கிறதா பார்ப்போம், குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார். பிழைத்துவிடும் என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அவள் பயம் போகவில்லை. ஒன்றுக்காக இருந்த பயம் இரண்டுக்காக ஆகியிருந்தது.

தன்னால் ஒரு வேலை முடிந்தது என்பதுபோல மாமனார் பழக்கதோஷத்தில் மீதி ரொட்டியைத் தாளில் மடிக்க ஆரம்பித்தார். மற்றொரு கை கூழ்க் கிண்ணத்தைக் கழுவ எடுத்தது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அது அவள் விரல்களுக்குள் அடங்கிவிட்டது. எடை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இருக்கட்டும் மாமா. இன்னும் முடியல. நீங்க சாப்பிடுங்க."

தாளைப் பிரித்து, ஒரு துண்டைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள். அவர் தயங்கினார், பிறகு வாயில் போட்டுக்கொண்டார். அவர் மென்று விழுங்கும் வரை பூனையும் அவளுமாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.